பந்தயம் முடிந்த பிறகு வீரர் கதி என்ன?

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் என்றால் ஊரே கை தட்டும். பத்திரிகையில் படம் வரும். கோப்பையைத் தூக்கிக் காட்டுவார். அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்ள ஆட்கள் போட்டி போடுவார்கள்.

பத்து ஆண்டு கழித்து அவர் எங்கே இருக்கிறார்? என்ன தொழில் செய்கிறார்? வீட்டில் அடுப்பு எரிகிறதா? யாராவது கேட்டது உண்டா?

கேட்பது இல்லை. கேட்க வேண்டும். அதுவும் பையன் பந்தயத்துக்குப் போன பிறகு கேட்டுப் பயன் இல்லை. போவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

பையனின் ஆசை

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பாருங்கள். இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் பறப்பார்கள். சுமார் 45 கிலோ மீட்டர் தூரம். "அரை மணியில் போய் விட்டேன்" என்று ஒருவன் சொல்வான். "நான் உனக்கு முன்னாலேயே போய் டீ குடித்து விட்டேன்" என்று இன்னொருவன் சொல்வான். (அவர்களையும் முந்திக் கொண்டு போவது தனியார் பஸ். அது வேறு கதை.)

இவர்களில் ஒருவன் வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் ரேஸ் ஓட்டப் போகிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்?

அப்பா கையை ஓங்குவார். அம்மா, "உனக்கு ஏண்டா புத்தி இப்படிப் போகிறது?" என்று அழுவாள். தாய்மாமன் மட்டும், "விடுங்க மச்சான். நாளைக்கே பேப்பரில் போட்டோ வரும் பாருங்க" என்பார்.

அப்பாவுக்குப் பையன் விழுந்து விடுவானோ என்ற பயம். மாமாவுக்குப் பரிசு வரும் என்ற ஆசை. இரண்டு பேரும் ஒன்றை மறந்து விட்டார்கள். பையன் விழவும் இல்லை, பரிசும் வாங்கி விட்டான் என்றே வைத்துக் கொள்வோம். அவனுக்கு 35 வயது ஆகிறது. கண் பார்வை பழையபடி இல்லை. இளைய பையன்கள் வந்து விட்டார்கள். கம்பெனி, "போய் வாருங்கள்" என்று சொல்லி விட்டது. அப்புறம்?

அரசாங்க உத்தியோகஸ்தருக்கு 60 வயது வரை வேலை உண்டு. விவசாயி உடம்பில் தெம்பு இருக்கும் வரை நிலத்தில் இறங்குவார். பந்தய வீரருக்கு 35 வயதிலேயே கதவு சாத்தி விடும். 75 வயது வரை இருந்தால், இன்னும் 40 ஆண்டு மீதி இருக்கிறது. அந்த 40 ஆண்டில்தான் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், பெண்ணின் கல்யாணம், மனைவியின் வைத்தியச் செலவு எல்லாம் வரும்.

பிரேக் இல்லாத வண்டி

மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் "ஸ்பீட்வே" என்று ஒரு வகை உண்டு. இது நம் பக்கம் அதிகம் தெரியாத பந்தயம். வெளிநாடுகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் பார்த்தது.

முட்டை வடிவத்தில் மண் பாதை. நான்கு வீரர்கள். நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் பந்தயம் முடிந்து விடும்.

வண்டிக்குப் பிரேக் கிடையாது! கியரும் ஒன்றே ஒன்றுதான். பெட்ரோலுக்குப் பதிலாக மெத்தனால் என்ற சாராய வகை எரிபொருள் ஊற்றுவார்கள். இடது காலில் இரும்பு லாடம் போட்ட பூட்ஸ். வளைவு வந்ததும் வீரர் அந்தக் காலைத் தரையில் ஊன்றுவார். பின் சக்கரம் மண்ணை வாரி இறைத்துக் கொண்டு சறுக்கும். அப்படியே சறுக்கிக் கொண்டு திரும்ப வேண்டும். கொஞ்சம் பிசகினால் பக்கத்தில் வருகிறவர் மேலே விழ வேண்டியதுதான்.

1923-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெயிட்லண்ட் என்ற ஊரில் விவசாயக் கண்காட்சி நடந்தது. கூட்டம் சேர்ப்பதற்காக அங்கே நடத்திய பந்தயம்தான் இதற்குத் தொடக்கம் என்று சொல்வார்கள். 1928-ல் இங்கிலாந்துக்கு வந்தது. பிறகு போலந்து, ஸ்வீடன், டென்மார்க் என்று பரவியது. 1981-ல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த உலகப் போட்டியைப் பார்க்க 90 ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள்.

நம் ஊர்ப் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்து இருப்பீர்கள். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்ப்பார்கள். நீட்டிய பத்து ரூபாய் நோட்டை வீரர் ஓடுகிற வண்டியில் இருந்தே பறித்துக் கொள்வார். ஸ்பீட்வே வீரரும் அந்த ஜாதிதான். கண்காட்சிக் கூட்டத்தை நம்பித்தான் இரண்டு பேருக்கும் பிழைப்பு.

கடலில் 30 மணி நேரம்

ஸ்பீட்வேயில் உலகப் போட்டி முதன் முதலில் 1936-ல் வெம்பிளியில் நடந்தது. முதல் வீரராக வந்தவர் லயனல் வான் பிராக். ஆஸ்திரேலியாக்காரர்.

அவர் பந்தயத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. விமானம் ஓட்டக் கற்றுக் கொண்டார். இரண்டாவது உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்தார். 1942 ஜனவரியில் அவர் இருந்த விமானத்தை ஜப்பானிய விமானங்கள் சுட்டுக் கடலில் வீழ்த்தின. வான் பிராக்கும் இன்னொரு விமானியும், காயம் அடைந்த இரண்டு தோழர்களைத் தாங்கிப் பிடித்துக் கொண்டு நீந்தினார்கள். ஒரு மணி இரண்டு மணி அல்ல, சுமார் 30 மணி நேரம்! சுறா மீன்கள் உலாவும் கடல். நான்கு பேரும் கரை சேர்ந்தார்கள். வான் பிராக்குக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள்.

போர் முடிந்ததும் மறுபடி பந்தயத்துக்கு வந்தார். பந்தயம் ஓய்ந்த பிறகும் விமானம் ஓட்டும் தொழில் அவர் கையில் இருந்தது. 1987-ல் காலமானார்.

வான் பிராக் தைரியசாலி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய பிற்கால வாழ்க்கையைக் காப்பாற்றியது தைரியம் அல்ல. இரண்டாவது தொழில்.

புரூஸ் பென்ஹால் என்ற அமெரிக்க வீரரின் கதை வேறு மாதிரி. 1981-லும் 1982-லும் உலகப் போட்டியில் வென்றார். 1982-ல் வெற்றி பெற்ற அதே இடத்தில், "இனி ஓட்ட மாட்டேன்" என்று அறிவித்து விட்டார்! டெலிவிஷன் தொடரில் போலீஸ்காரராக நடிக்க வாய்ப்பு வந்து இருந்தது. நல்ல நேரத்தில் இறங்கினார் என்று பலர் மெச்சினார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தொடர் நின்று போனது! உடம்பு முழுசாக இருந்தது. அதுவே பெரிய லாபம்.

எல்லாருக்கும் அந்த லாபம் கிடைப்பது இல்லை.

ஒரு தெருவின் பெயர்

பெர் ஜான்சன் ஸ்வீடன் நாட்டுக்காரர். 1990-ல் உலக வீரர். போலந்து நாட்டில் டொருன் என்ற ஊர்க் குழுவுக்காக ஓட்டினார். 1994-ல் பந்தயத்தில் விழுந்தார். முதுகுத் தண்டு அடிபட்டது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான்.

இப்படிப்பட்டவரை ஊர் மறந்து விடுவது வழக்கம். டொருன் மறக்கவில்லை. 2009-ல் அங்கே புதிதாகப் பெரிய ஸ்பீட்வே மைதானம் திறந்தார்கள். அந்த மைதானம் இருக்கும் தெருவுக்கு ஜான்சன் பெயர். டிக்கெட் வாங்க வருகிறவன் ஜான்சன் பெயரைப் படிக்காமல் உள்ளே போக முடியாது.

டொருன் ஒன்றும் லண்டன் அல்ல. சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர். கடலூர் நகரில் 2011 கணக்கெடுப்பின்படி 1 லட்சத்து 73 ஆயிரம் பேர். ஆகவே, "அது பெரிய ஊர், அவர்களால் முடியும்" என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லை.

இங்கிலாந்தில் காயம் அடைந்த ஸ்பீட்வே வீரர்களுக்கு உதவ ஒரு நிதி வைத்து இருக்கிறார்கள். ரசிகர்கள் மைதானத்தில் உண்டியல் குலுக்கி அதற்குப் பணம் சேர்ப்பது உண்டு. பழைய வீரர்களுக்குத் தனியாகச் சங்கமும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கூடி விருந்து சாப்பிடுவார்கள். 2007-ல் ஸ்பீட்வேக்கு ஒரு மியூசியமும் திறந்தார்கள். எங்கே தெரியுமா? ஒரு மிருகக்காட்சி சாலைக்குள்! இடம் எதுவாக இருந்தால் என்ன? பழைய வண்டியும் கோப்பையும் ஒரு கூரைக்கு அடியில் வந்தன. பிள்ளைகள் புலியைப் பார்த்து விட்டு அதையும் பார்த்தார்கள்.

சோழவரம்

இனி நம் ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் ஸ்பீட்வே போட்டி வேரூன்றவில்லை. ஆனால் மோட்டார் பந்தயத்துக்கு இந்தியாவிலேயே பெயர் பெற்ற இடம் நம்முடையதுதான். சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாவது உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அங்கே சும்மா கிடந்தது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களில் அதைப் பந்தயத் திடல் ஆக்கியது. கல்கத்தாவில் இருந்தும் பம்பாயில் இருந்தும் இலங்கையில் இருந்தும் வீரர்கள் வந்தார்கள். வெயிலில் குடை பிடித்துக் கொண்டு ஜனங்கள் பார்த்தார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்ததும் சோழவரம் ஓய்ந்து விட்டது.

கோவையிலும் ஒரு பாதை இருக்கிறது. அதன் பெயரிலேயே "ஸ்பீட்வே" உண்டு. கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வீரர் கரிவரதன் நினைவாக வைத்த பெயர். அவர் மில் குடும்பத்துப் பிள்ளை. தானே பந்தயக் கார்களை உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர்கள் ஓட்டுவதற்கு வழி செய்தார். 1995-ல் விமான விபத்தில் இறந்தார்.

அந்தக் கோவையில் இருந்து போனவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, சீர் செய்து விற்கும் கம்பெனி தொடங்கினார். 2022-ல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி அதில் பங்கு வாங்கியது. சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் பார்முலா ஒன்னில் ஓட்டினார். இப்போது வெளிநாட்டு டெலிவிஷனில் பந்தய வர்ணனை செய்கிறார். அவருடைய தாத்தா இந்து சந்தோக், சென்னை கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

நடிகர் அஜித்குமார் எல்லாரையும் தலைகீழாகப் புரட்டி விட்டார். இளமையில் என்பீல்டு கம்பெனியில் மெக்கானிக் வேலை பழகினார். சினிமாவுக்குப் போனார். நடுவில் பந்தயம் ஓட்டினார். காயப்பட்டார். சிகிச்சை பெற்றார். மறுபடி 2025-ல் 53 வயதில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கினார். அவருடைய குழு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. மற்றவர்களுக்குப் பந்தயத்துக்குப் பிறகு வாழ்க்கை. அவருக்கு வாழ்க்கையில் எல்லாம் சம்பாதித்த பிறகு பந்தயம்!

இவர்கள் பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். காரணம் என்ன? திறமை உண்டு. கூடவே குடும்பத்தில் வசதி உண்டு, அல்லது வேறு தொழிலில் புகழ் உண்டு. விழுந்தாலும் தாங்கிப் பிடிக்க மெத்தை இருக்கிறது.

சோழவரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களில் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். வாரம் முழுவதும் பட்டறையில் கிரீஸ் கையோடு நின்றார்கள். ராத்திரியில் தங்கள் எஞ்சினைக் கழற்றி மாட்டினார்கள். பந்தயத்தன்று பெரிய இடத்துப் பிள்ளைகளோடு சரிக்குச் சரி ஓட்டினார்கள். சில நாள் ஜெயிக்கவும் செய்தார்கள். அவர்களின் பெயர்கள் எங்கே? சினிமாவில் ஒரே காட்சியில் வந்து போன துணை நடிகர் பெயரைக் கூட நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லி விடுவார்கள். பந்தயத்தில் முதலாவது வந்த மெக்கானிக்கின் பெயரைக் கேட்டால் மோட்டைப் பார்ப்பார்கள்.

தங்க மோட்டார் சைக்கிள்

ஐவன் மாஜர் கதையை இங்கே சொல்ல வேண்டும். நியூசிலாந்துக்காரர். 1957-ல் லண்டனுக்குப் போனார். அவருக்கும் அப்போது 20 வயது ஆகவில்லை. மனைவிக்கும் ஆகவில்லை. மைதானத்தில் எடுபிடி வேலை செய்தார். பந்தயத்தில் எடுபடவில்லை. பெட்டியைக் கட்டிக் கொண்டு ஊர் திரும்பினார்.

சில ஆண்டு கழித்து மறுபடி போனார். இந்தத் தடவை விடவில்லை. 1968, 1969, 1970 மூன்று ஆண்டும் தொடர்ந்து உலக வீரர்! மொத்தம் ஆறு தடவை வென்றார். 1970-ல் அவர் வென்ற மோட்டார் சைக்கிளுக்கு அமெரிக்க ரசிகர்கள் தங்க முலாம் பூசிக் கொடுத்தார்கள்.

தங்க வண்டியை நம்பி அவர் உட்கார்ந்து விடவில்லை. புதுப் பையன்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பந்தயக் குழுவைக் கூட்டிக் கொண்டு ஊர் ஊராகப் போனார். 2018-ல் தம் 78-வது வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குப் பேச்சும் நினைவும் தடுமாறின. உடன் இருந்து பார்த்துக் கொண்டது குடும்பம்தான். வெற்றி பெற்றவர் படத்தில் மனைவி ஒரு ஓரமாக நிற்பாள். பிற்காலக் கதையில் முக்கால் பங்கு அவளுடையது.

மாஜர், பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். டென்மார்க் வீரர் எரிக் குண்டர்சன் மூன்று தடவை உலக வீரர். 1989-ல் விழுந்து சாவின் வாசல் வரை போய் வந்தார். பிறகு தன் நாட்டுக் குழுவின் மானேஜர் ஆனார். அமெரிக்கர் ஜாக் மில்ன் 1937-ல் உலக வீரர். பிற்காலத்தில் மோட்டார் சைக்கிள் கடை வைத்தார். நம் சென்னை வீரர் ரஜினி கிருஷ்ணனும் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

இவர்கள் பிழைத்த வழியைப் பாருங்கள். கடை, பயிற்சி, மெக்கானிக் தொழில், குழு நிர்வாகம். பந்தயம் ஓட்டும்போதே கூடவே கற்றுக் கொண்ட தொழில். கோப்பையை அலமாரியில் வைக்கலாம். அடகு வைத்தால் எவ்வளவு தருவான்?

ஆகவே பையனை அடிக்க வேண்டாம். அழவும் வேண்டாம். "சரி, ஓட்டு. ஆனால் முதலில் எஞ்சினைக் கழற்றி மாட்டக் கற்றுக் கொள்" என்று சொல்லுங்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு 2 ஆண்டு. அதை முடிக்கட்டும். இல்லாவிட்டால் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதிப் பக்கமோ நல்ல பட்டறை ஒன்றில் சேர்ந்து தொழில் பழகட்டும். கிரீஸ் படிய வெட்கப்படும் பையனுக்குப் பந்தயத்தில் உண்மையான ஆசை இல்லை. அவனுக்கு வேண்டியது போட்டோ மட்டும்.

ரோட்டில் ஓட்டினால் கேஸ்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும். சாலையில் போட்டி ஓட்டுவது பந்தயம் அல்ல. அது குற்றம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் கடுமையாகி விட்டது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை, 10 ஆயிரம் வரை. 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பனாருக்கே 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் ஆர்.சி. 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

இன்னொரு விஷயம். சாதாரண வண்டி இன்ஷூரன்சு பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பந்தயத்துக்கு அது செல்லாது என்று அதிலேயே போட்டு இருக்கும். தனி ஆள் விபத்து பாலிசிகள் பலவற்றிலும் இதே நிபந்தனை உண்டு. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அந்தப் பொடி எழுத்தைப் படித்து என்ன செய்வது? முறையான பந்தயத்துக்குப் பையனை அனுப்பும் பெற்றோர், நடத்துகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "என் பிள்ளை விழுந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்? எத்தனை நாள் வரை கொடுப்பீர்கள்?" கூச்சப்பட வேண்டியது இல்லை.

முறையான பந்தயத்திலும் சாவு உண்டு. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் மூத்த கார் பந்தய வீரர் கே.இ.குமார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 59. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பலியானான். அவனுக்கு வயது 13. அந்த வயதில் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பில் இருப்பான். அவனை எந்த வேகத்தில், எந்த வண்டியில், யாரோடு ஓட விடுவது என்பதைப் பெரியவர்கள்தான் யோசிக்க வேண்டும். பரிசுக் கோப்பை அந்த யோசனையை மறைக்கக் கூடாது.

58 வயது வரை காத்து இருப்பதா?

நலிந்த நிலையில் இருக்கும் பழைய விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஓய்வூதியம் கொடுக்கிறது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி மாதம் 6 ஆயிரம் ரூபாய். தேசியப் போட்டியிலோ சர்வதேசப் போட்டியிலோ வென்று இருக்க வேண்டும். வயது 58 ஆகி இருக்க வேண்டும். வருமானத்துக்கும் வரம்பு உண்டு. மத்திய அரசும் 1982-ல் இருந்து, கஷ்டப்படும் வீரர்களுக்காக ஒரு நல நிதி வைத்து இருக்கிறது.

நல்ல காரியம்தான். குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் வீரர் கணக்கு வேறு. கபடி வீரருக்கு முதுமையில்தான் முழங்கால் வலி வரும். இவருக்கு 26 வயதில் இடுப்பு முறிகிறது. பென்ஷன் கேட்க 58 வயது வர வேண்டும். நடுவில் 32 ஆண்டு! அந்த 32 ஆண்டும் யார் சோறு போடுவது?

2024-ல் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் பந்தயம் நடந்தது. சாலையையே பந்தயப் பாதையாக மாற்றினார்கள். அதை நடத்துவதில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பங்கு கொண்டது. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் வாங்குவதும் அதே ஆணையம்தான். ஒரே மேஜையில் இரண்டு பைல்! பந்தய பைலில் இருந்து ஒரு பங்கை எடுத்துக் காயம் அடைந்தவர்கள் பைலில் வைப்பது பெரிய கஷ்டமா? ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் போதும். காயம் பட்ட மாதத்தில் இருந்தே உதவி கிடைக்க வேண்டும். வயதைக் கேட்கக் கூடாது. டாக்டர் சர்டிபிகேட்டைக் கேட்கலாம்.

மோட்டார் கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. வீரர் ஜெயித்த மறுநாள் விளம்பரம் போடுகிறார்கள். "எங்கள் வண்டி முதலாவது வந்தது" என்று எழுதுகிறார்கள். வண்டி தானாக ஓடியதா? ஓட்டியவர் 35 வயதில் இறங்கும்போது, கம்பெனியிலேயே ஒரு வேலை கொடுக்கலாம். புது வண்டியைச் சோதித்துப் பார்க்கவும், மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் அவரை விடப் பொருத்தமான ஆள் யார்? சில கம்பெனிகள் செய்கின்றன. எல்லாக் கம்பெனிகளும் செய்ய வேண்டும். முதல் நாள் போடும் ஒப்பந்தத்திலேயே அது இருக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியல்

உதவி செய்ய வேண்டுமானால் முதலில் யார் யார் என்று தெரிய வேண்டும். அதற்குப் பட்டியல் வேண்டும்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1929-ல் தொடங்கியது. உடற்கல்வித் துறை இருக்கிறது. என்ஜினீயரிங் படிப்பும் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு நல்ல வேலை. விடுமுறை நாளில் நோட்டும் பேனாவும் எடுத்துக் கொண்டு கிளம்பலாம். கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் என்று பழைய மெக்கானிக் கடைகளில் விசாரிக்கலாம். "அண்ணே, சோழவரம் போய் ஓட்டினவங்க யாராவது உண்டா? அவங்களுக்கு வண்டி தயார் செய்து கொடுத்தவங்க உண்டா? மரணக் கிணற்றில் ஓட்டினவங்க உண்டா?" என்று கேட்கலாம். பெயர், எந்த ஆண்டு, எந்த வண்டி, இப்போது என்ன தொழில், உடம்பு எப்படி என்று எழுதிக் கொள்ளலாம். ஒரு போட்டோவும் எடுத்துக் கொள்ளலாம்.

சோழவரத்தில் முதன் முதலாக ஓட்டியவர்கள் இன்று உயிரோடு இருந்தால் 90 வயதைத் தாண்டி இருப்பார்கள். கடைசியாக ஓட்டியவர்களுக்கே 60-ஐ நெருங்கும். இந்தப் பட்டியலை அடுத்த கோடை விடுமுறைக்குள் எழுதி முடித்தால் நல்லது.